ஒன்றரை நிமிட ஏரி

கோலாலம்பூரிலிருந்து வடக்கே போகும் இடிஎஸ் ரயிலில் நீங்கள் பயணம் செய்திருந்தால் இந்த இடம் நினைவிருக்கும். தைப்பிங்கைத் தாண்டிக் கொஞ்ச நேரத்தில் பெட்டிக்குள் ஒரு சலசலப்பு எழும். அதுவரை தூங்கிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். இரண்டு பக்க ஜன்னல்களிலும் தண்ணீர். ரயில் நீரின் மேலேயே ஓடுவது போல இருக்கும். எல்லாரும் கைப்பேசியைத் தூக்குவார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான பாலம் அது. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ரயிலுக்கு ஒன்றரை நிமிடம் போதும். பிறகு மறுபடியும் செம்பனை, மறுபடியும் தூக்கம்.

அந்த ஒன்றரை நிமிடத்துக்குப் பக்கத்தில்தான் என் பாட்டி வீடு இருக்கிறது. ஊரின் பெயர் புக்கிட் மேரா. சிங்கப்பூர் வாசகர்கள் மன்னிக்க வேண்டும், இது உங்கள் புக்கிட் மேரா அல்ல. பேராக் மாநிலத்தின் வடக்கே, கிரியான் மாவட்டத்தில், செமாங்கோலுக்கு அருகில் இருக்கும் ஏரிக்கரை ஊர். சின்ன வயதில் ஒவ்வொரு பள்ளி விடுமுறைக்கும் போயிருக்கிறேன். ஆகவே அந்த ஊரை எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சென்ற ஆண்டு பாட்டி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டபோது, பல்கலைக்கழக விடுமுறையில் சும்மா இருந்த ஒரே ஆள் நான் என்பதால், துணைக்கு என்னை அனுப்பினார்கள். மூன்று மாதம் தங்கினேன். விருந்தாளியாகப் போவதும் வாழப் போவதும் எவ்வளவு வேறு என்பது அப்போதுதான் புரிந்தது.

முதலில் ஏரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். புக்கிட் மேரா இயற்கையாக உண்டான ஏரி இல்லை. குராவ் ஆற்றின் குறுக்கே அணை கட்டி 1906இல் நீர் தேக்கினார்கள். நாட்டின் மிகப் பழைய நீர்த்தேக்கம் இதுதான். நீர் நிறைந்திருக்கும்போது 30 சதுர கிலோமீட்டர் அளவுக்குப் பரந்து கிடக்கும். ஆனால் ஆழம் குறைவு. ஒரு பெரிய தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். மழையை மட்டுமே நம்பியிருந்த கிரியான் நெல்வயல்களுக்கு நீர் கொடுப்பதற்காக ஆங்கிலேயர் அரசு கட்டியது. மலாயாவில் அரசு எடுத்துச் செய்த முதல் பெரிய நீர்ப்பாசனத் திட்டம் அது. இன்றும் 20,000 ஹெக்டேருக்கு மேற்பட்ட வயல்களுக்கு இங்கிருந்துதான் தண்ணீர் போகிறது. குழாயில் வரும் குடிநீருக்கும் இதுவே ஆதாரம்.

தமிழில் நாம் 'ஏரி' என்று சொல்வதே பெரும்பாலும் இப்படிப்பட்டதைத்தானே? கரை கட்டி, மதகு வைத்து, வயலுக்கு நீர் பாய்ச்சத் தேக்கி வைப்பது. தாசிக் என்று மலாயிலும் லேக் என்று ஆங்கிலத்திலும் சொல்லும்போது ஒரு காட்சிதான் மனத்தில் வருகிறது. ஏரி என்றால் வேலை செய்கிற தண்ணீர்.

எங்கள் ஆட்கள் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தது ஏரிக்காக அல்ல. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கிரியான் முழுக்கக் கரும்புத் தோட்டங்கள் இருந்தன. அவற்றில் வெட்டவும் சுமக்கவும் தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்தார்கள். அருகில் கடலோரம் கோலா குலா என்றோர் ஊர் இருக்கிறது. குலா என்றால் மலாயில் சீனி. கரும்பு போய், கித்தா வந்து, கித்தாவும் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பாட்டி பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறியபோது, சேர்த்து வைத்த பணத்தில் தாத்தா ஏரிப் பக்கம் ஒரு பலகை வீடு வாங்கினார். அந்த வீட்டில்தான் இப்போது பாட்டியும் கல்யாணம் ஆகாத என் மாமாவும் இருக்கிறார்கள். மாமாவுக்குப் பகலில் செம்பனை ஆலையில் வேலை. விடியலில் வலை.

முதல் வாரம் எனக்குச் சொர்க்கமாக இருந்தது. காலையில் ஏரி மேல் பனிமூட்டம், மாலையில் செமாங்கோல் மலைப்பக்கம் செவ்வானம். இரண்டாம் வாரம் பரவாயில்லை. மூன்றாம் வாரம் ஒரு நாள் இரவு எட்டரை மணிக்கு வாசலில் உட்கார்ந்து அழுதேன். காரணம் ஒன்றுமில்லை. எட்டு மணிக்குக் கடைகள் அடைத்துவிடுகிறார்கள். கிராப் கூப்பிட்டால் ஓட்டுநர் ஏற்றுக்கொண்டுவிட்டு ஐந்து நிமிடத்தில் ரத்து செய்கிறார். வீட்டுக்குள் இணையம் இழுக்காது. பேரிக்காய் மரம் மாதிரி வாசல் ஓரம் ஒரே இடத்தில் நின்றால்தான் வகுப்புத் தோழிகளின் செய்தி வந்து விழும். பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துப்போக மாமா விடுப்பு எடுக்க வேண்டும். அவருக்கு விடுப்பு என்றால் அன்றைய சம்பளம் இல்லை. இந்த ஊருக்கு மேலே ரயில் ஓடுகிறது, பக்கத்தில் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை ஓடுகிறது. ஆனால் ரயில் நிற்பது பாகான் செராயிலும் கமுந்திங்கிலும்தான். கார் இல்லாதவருக்கு இரண்டுமே எட்டாத தூரம். ஏரிக்கரையில் வாழ ஆசை என்று இனி யாராவது சொன்னால் லைசன்ஸ் இருக்கிறதா என்று முதலில் கேட்பேன்.

அதே சமயம், அங்கே இருப்பவர்கள் என்னைப்போல் அழுதுகொண்டு இருக்கவில்லை. பாட்டிக்குக் கடிகாரம் வேண்டாம், ரயில் போதும். "பத்து மணி வண்டி போயிருச்சு, மருந்து எடுத்தா கண்ணு" என்பார். வண்டி தாமதமானால் மருந்தும் தாமதம்.

ஊரில் எல்லாரும் கேட்கும் ஒரு கேள்வி உண்டு. நாம் பட்டணத்தில் "சாப்டாச்சா?" என்று கேட்பது போல, அங்கே "தண்ணி எப்படி?" என்று கேட்கிறார்கள். மளிகைக் கடைச் சீன அங்கிள் மலாயில் கேட்கிறார், பக்கத்து வீட்டுப் பாக்சிக் கேட்கிறார், கோயில் பூசாரியும் கேட்கிறார். ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்று அர்த்தம். முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகு 2016 ஞாபகம் வந்தது.

அப்போது நான் ஆரம்பப் பள்ளியில் இருந்தேன். எல் நினோ வறட்சி. ஏரி வற்றிப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. எங்களுக்குக் கொண்டாட்டம். சேற்றில் செத்துக் கிடந்த மரக்கட்டைகளின் மேல் ஏறிக் குதித்தோம், காய்ந்த தரையில் ஏரிக்குள்ளேயே நடந்து போனோம். என் தம்பி அங்கே ஒரு பழைய பீங்கான் கிண்ணம் கண்டெடுத்தான். தீபகற்பத்திலேயே மழைக்குப் பேர்போன தைப்பிங் பக்கத்தில் இருக்கும்போது இங்கே ஏரி வற்றும் என்று யார் நினைத்தார்கள்? அந்த ஆண்டு இருக்கிற தண்ணீரைக் குடிப்பதற்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்று நெல் நடவைத் தள்ளிப்போட்டார்கள். ஆண்டுக்கு இரண்டு போகம் விளையும் இடத்தில் நடவு தள்ளிப்போனால் அறுவடையும் தள்ளிப்போகும், கடன் கட்டும் நாள் மட்டும் தள்ளிப்போகாது. நாங்கள் குதித்து விளையாடியதைப் பாட்டி கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை. "போதும், வாங்க" என்று மட்டும் சொன்னார். மூன்று மாதம் தங்கிய பிறகு அந்தக் குரல் எனக்கு வேறு மாதிரி கேட்கிறது.

விடியற்காலையில் இரண்டு மூன்று முறை மாமாவுடன் படகில் போனேன். ஐந்தரை மணிக்குக் கரையில் டார்ச் விளக்குகள் மட்டும் நகரும். தண்ணீர் குறைந்த இடங்களில் நீர்ச்செடிகள் அடர்ந்து எஞ்சின் விசிறியில் சுற்றிக்கொள்ளும். எஞ்சினை நிறுத்தி, கையால் அறுத்தெடுத்து, மீண்டும் ஓட்ட வேண்டும். ஆறுகள் கொண்டுவரும் வண்டல் வருடா வருடம் ஏரியை மேடாக்குகிறது என்று மாமா சொன்னார். மேல்பக்கம் காடு குறையக் குறைய மண் கூடுதலாக வருகிறது. ஆழம் குறைவான ஏரிக்கு இது சின்ன விஷயம் இல்லை. தாம்பாளம் நிரம்பிக்கொண்டே வருகிறது, தண்ணீரால் அல்ல.

வலையில் தோமான் கிடைத்தால் அன்று நல்ல நாள். லம்பாம் மாதிரி சின்ன மீன்கள்தான் பெரும்பாலும். கெலிசா ஒன்றுகூட நான் பார்க்கவில்லை. பெரோடுவா கெலிசா காரைத் தெரியுமல்லவா? அந்தக் காருக்குப் பெயர் கொடுத்த மீன், அதாவது அரோவானா, இந்த ஏரியின் புகழ்பெற்ற குடிமகன். புக்கிட் மேராவின் தங்க அரோவானாவைத் தேடி உலகம் முழுக்க ஆசைப்படுபவர்கள் உண்டு. அதனாலேயே அதற்கு ஆபத்தும் வந்தது. ஆண் மீன் முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள் வைத்துக் காக்கும். ஆகவே ஓர் ஆண் மீனைப் பிடித்தால் ஒரு குடும்பத்தையே பிடித்தது போல. அனைத்துலக வணிகத்தில் மிகக் கடுமையான கட்டுப்பாடு உள்ள இனங்களின் பட்டியலில் அதை வைத்திருக்கிறார்கள். இப்போது விற்பனைக்கு வருபவை பண்ணைகளில் வளர்ப்பவை. ஏரியில் பிறந்த மீன் ஏரியில் அரிதாகி, ஹாங்காங் ஹோட்டல் தொட்டியில் நீந்துகிறது.

இனி, எழுத வேண்டுமா வேண்டாமா என்று பலநாள் யோசித்த விஷயத்துக்கு வருகிறேன்.

வாரக் கடைசியில் ஊருக்கு வெளியாட்கள் வருவார்கள். நீர் விளையாட்டுப் பூங்காவுக்கும், 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஓராங் ஊத்தான் தீவுக்கும் போகிறவர்கள் தங்கள் வழியே போய்த் தங்கள் வழியே திரும்புவார்கள்; எங்கள் கரைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. எங்கள் பக்கம் மண்சாலை முடியும் இடத்தில் மீனவர்கள் படகு கட்டும் ஒரு பழைய பலகைத் துறை உண்டு. அதிலிருந்து பார்த்தால் ரயில் பாலம் முழுவதும் தெரியும். ஒரு மாலை, ரயில் சூரியனைக் கடந்து போகும் நேரத்தில் நான் அதை 20 விநாடி காணொளியாக எடுத்தேன். பின்னணி இசை சேர்த்து, இடத்தின் பெயரும் வழியும் எழுதி, "யாருக்கும் தெரியாத இடம்" என்று தலைப்புக் கொடுத்து டிக்டாக்கில் போட்டேன். எனக்கு வழக்கமாக 200 பேர் பார்ப்பார்கள். இதை நான்கு நாளில் லட்சத்துக்கு மேல் பார்த்துவிட்டார்கள். வாசல் ஓரம் நின்று நின்று கால் வலித்தது, அவ்வளவு சந்தோஷம்.

அடுத்த சனிக்கிழமை அந்த மண்சாலையில் கார்கள் நின்றன. யாரும் கெட்டவர்கள் இல்லை. என்னைப்போல் கைப்பேசி வைத்திருந்த சாதாரணப் பிள்ளைகள், கைக்குழந்தையோடு வந்த குடும்பங்கள். ஆனால் படகைக் கரைக்கு ஏற்ற வழி இல்லாமல் கார்கள் அடைத்திருந்தன. துறையில் ஒரே நேரத்தில் முப்பது பேர் நின்றதில் ஒரு பலகை முறிந்தது. படம் எடுக்க யாரோ கட்டியிருந்த படகை அவிழ்த்துத் தள்ளியிருக்கிறார்கள். அது போய்ப் பாக்சிக்கின் வலையில் சிக்கி, அதை விடுவிக்க அவர்களே வலையை அறுத்துவிட்டார்கள். பொட்டலங்களும் குடிபானக் கோப்பைகளும் தண்ணீரில் மிதந்தன. அந்தத் தண்ணீரைத்தான் சுத்திகரித்துக் குடிக்கிறோம்.

பாக்சிக்குக்கு அந்தக் காணொளி என்னுடையது என்று தெரியும். அவருடைய பேரன் காட்டியிருந்தான். அவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வழக்கம்போல "தண்ணி எப்படி, ஆடேக்?" என்று மட்டும் கேட்டார். வாசல் படியில் உட்கார்ந்து அறுந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். மாமாவும் ஒன்றும் சொல்லவில்லை. வைதிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அன்றிரவு காணொளியை அழித்தேன். மறுநாள் என் சேமிப்பிலிருந்து 150 ரிங்கிட் கொண்டுபோய்ப் பாக்சிக்கிடம் நீட்டினேன். அவர் 50 ரிங்கிட் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார். நூல் காசு அவ்வளவுதான் என்றார்.

இதோடு கதை முடிந்திருந்தால் நல்ல பாடம் கற்றேன் என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். ஆனால் அந்த மண்சாலை தொடங்கும் இடத்தில் வாழைப்பழப் பலகாரம், அதாவது பீசாங் கோரேங் விற்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். கணவர் இல்லை, மூன்று பிள்ளைகள். புதன்கிழமை என்னைப் பார்த்ததும் கேட்டார்: "ஏம்மா அந்த வீடியோவ எடுத்துட்ட? சனிக்கிழம நாலு மணிக்கே சரக்கு தீந்துச்சு. பெரியவளுக்குப் படிவம் நாலு புத்தகம் வாங்குனேன். இந்த வாரமும் வருவாங்கன்னு கூடுதலா வாழப்பழம் சொல்லி வச்சிருக்கேனே."

எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை. அன்று சாயங்காலம் பாட்டியிடம் சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்தபடி, "ரெண்டு பேருமே சரிதான். நீதான் கேக்காம செஞ்ச" என்றார். யாரைக் கேட்டிருக்க வேண்டும் என்று யோசித்துப் பார்த்தேன். துறைக்குச் சொந்தக்காரர் என்று யாரும் இல்லை. ஆனால் பலகை முறிந்தால் யார் அடிப்பார்கள் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். மாமாவும் பாக்சிக்கும்தான் அடித்தார்கள். நான் ஆணி எடுத்துக் கொடுத்தேன்.

இதற்கிடையில் வீட்டில் வேறொரு பேச்சு நடந்துகொண்டிருந்தது. பாட்டியைச் சுபாங்குக்கு எங்களோடு அழைத்து வந்துவிட வேண்டும் என்று அம்மா முடிவு செய்திருந்தார். நானும் அதற்குத்தான் ஓட்டுப் போட்டிருந்தேன், போவதற்கு முன். மருத்துவமனை பக்கம், மின்தூக்கி இருக்கிறது, குளியலறையில் பிடிமானக் கம்பி பொருத்தலாம். எல்லாமே உண்மை. அம்மா படித்த தோட்டத் தமிழ்ப்பள்ளியில் இப்போது ஒரு வகுப்பில் ஐந்தாறு பிள்ளைகள்தான். மாமா வயதில் ஊரில் தங்கிவிட்ட தமிழர்களை விரல் விட்டு எண்ணலாம். பாட்டிக்கு ஏதாவது ஆனால் நள்ளிரவில் யார் இருக்கிறார்கள் என்று அம்மா கேட்டால், பாக்சிக் இருக்கிறார் என்று சொல்லலாம். ஆனால் அவருக்கும் எழுபதைத் தாண்டிவிட்டது.

மூன்றாம் மாதம் அம்மா பாட்டியை அழைத்துப்போக வந்தார். நான் தயங்கித் தயங்கி, மாமாவுக்கு ஆலையில் இரவு வேலை இல்லாத மாதங்களிலாவது பாட்டி இங்கே இருக்கட்டுமே என்றேன். "மூணு மாசம் இருந்துட்டு நீ எனக்குச் சொல்லிக் குடுக்குறியா? நான் அங்கயே பொறந்தவ" என்றார் அம்மா. அதுவும் நியாயம்தான். அம்மா விருந்தாளி ஆனது 18 வயதில், வேலைக்காகப் புறப்பட்ட நாளில். நான் பிறக்கும்போதே விருந்தாளி.

கடைசியில் பாட்டியே ஒரு முடிவு சொன்னார். தைப்பூசம் வரை இங்கே இருக்கிறேன், பிறகு பார்ப்போம் என்றார். தைப்பூசம் முடிந்துவிட்டது. இப்போது சித்திரை வரட்டும் என்கிறார். குளியலறைக்குப் பிடிமானக் கம்பியை மாமா பொருத்திவிட்டார். அம்மா மாதம் இருமுறை காரோட்டிப் போய் வருகிறார். பீசாங் கோரேங் அக்கா சனிக்கிழமைகளில் இப்போது கட்டணச் சாவடிப் பக்கம் மேசை போடுகிறாராம், வியாபாரம் சுமார்.

படிப்பு தொடங்கும் வாரம் மாமா என்னைப் பாகான் செராயில் ரயில் ஏற்றிவிட்டார். தெற்கே போகும் வண்டியும் அந்தப் பாலத்தைத்தான் கடக்க வேண்டும். தண்ணீர் வந்ததும் பெட்டிக்குள் அதே சலசலப்பு. எதிர் இருக்கைப் பையன் எழுந்து நின்று படம் எடுத்தான். நான் எங்கள் துறையைத் தேடினேன். செடிகளுக்கு நடுவில் ஒரு பழுப்புக் கோடாகத் தெரிந்தது. புதிதாக அடித்த பலகை மட்டும் கொஞ்சம் வெளிறித் தெரிந்தது. அந்த நேரத்தில் கைப்பேசி மணி அடித்தது. மாமா.

"பாலத்துல இருக்கியா?"

"ஆமா மாமா."

"தண்ணி எப்படி?"

எட்டிப் பார்த்தேன். பாலத்தின் தூண் தெரியவில்லை, நான் அதன் மேல் அல்லவா போய்க்கொண்டிருக்கிறேன். பழைய தண்டவாள மேட்டின் கல்லில் ஈரம் ஏறியிருந்த தடம் தெரிந்தது.

"பழைய கறைக்கு ஒரு முழம் கீழ இருக்கு மாமா. நேத்தைக்கு ஏறியிருக்கு."

"சரி, பாட்டிகிட்ட சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.